காலியாக ஓட்டிப் பார்ப்பவள்

புது மிக்ஸி வாங்கி வந்த அன்றைக்கு எங்கள் அக்கா அதில் எதையும் அரைக்கவில்லை. வெறும் ஜாரைப் பொருத்தி மூடியைப் போட்டாள். சுவிட்சைத் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அது சுற்றுவதைப் பார்த்தபடி நின்றாள். சத்தம் கேட்டுப் பக்கத்துப் போர்ஷன் ஆன்ட்டி எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, காத்தையா அரைக்கிற?"

"ஆமா ஆன்ட்டி. காத்தை ஒழுங்கா அரைச்சாத்தான் தேங்காயை நம்பிக் குடுக்கலாம்."

அவள் அப்படித்தான். எதையும் முதலில் காலியாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். "மொதல்ல ஒண்ணுமே குடுக்காம என்ன பண்ணுதுன்னு பாருடி. அப்பதான் அதோட உண்மையான கொணம் தெரியும்" என்பாள். மிக்ஸிக்கும் இதுதான், மனுஷருக்கும் இதுதான்.

அவள் செத்துப்போய்க் கருமாதியும் முடிந்துவிட்டது. மறுநாள் மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் தம்பி அவர். விழுப்புரம் பக்கம் கிராமம், கரும்பும் நெல்லும் வைக்கிறவர். சாயங்காலத்துக்கு வண்டி சொல்லியிருந்தார். என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று.

"பொட்டப் புள்ள, அப்பன் ஆத்தா இல்ல, இப்ப அக்காளும் இல்ல. இந்தக் கதிர்காமத்து வூட்டுல தனியா எப்டி பாப்பா இருப்ப? துணிமணியை எடுத்து வையி."

அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கே அதற்குப் பதில் தெரியவில்லை. இந்த வீட்டில், இந்த வாடகையில், பேக்கரி வேலையை வைத்துக்கொண்டு நான் ஒருத்தியாக இருந்துவிட முடியுமா? பையைத் திறந்து கட்டில்மேல் வைத்தேன். ஒரு துணியையும் எடுத்துப் போடவில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடினார்கள், கொஞ்ச நாளில் அவரும் போய்விட்டார். அம்மா போனபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அதோடு நின்றுவிட்டேன். எனக்குப் படிப்பு ஏறவில்லை, அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. அக்காவுக்கு ஏறியது. பாலிடெக்னிக், அப்புறம் இன்ஜினியரிங், அப்புறம் கம்ப்யூட்டர் கம்பெனி. வீட்டில் சோறு நான், சம்பளம் அவள் என்று ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் சும்மா இருக்கப் பிடிக்காமல் டவுனில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

சேர்வதற்கு முந்தின நாள் என்னைத் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொள்ளச் சொல்லி, பஸ் மாதிரி ஆள் ஏற்றுகிற டெம்போவில் ஏற்றினாள். பேக்கரி வாசலில் போய் இறங்கினால் ஷட்டர் மூடிக்கிடக்கிறது.

"இன்னைக்குக் கடையே லீவுக்கா!"

"அதனாலதான்டி இன்னைக்குக் கூட்டியாந்தேன்."

மூடின ஷட்டர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். ஒரு நாய் வந்து எங்களை மோந்து பார்த்துவிட்டுப் போனது. "சரி, நாயும் ஓக்கே சொல்லிடுச்சு" என்று திரும்பி டெம்போ ஏறினாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலையில் தனியாகப் போனபோது எங்கே இறங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவளைப் பெண் பார்க்க வந்த கதையை எங்கள் சொந்தத்தில் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கடலூர்ப் பக்கத்து மாப்பிள்ளை. முந்தின நாளே வீட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, காலித் தட்டில் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு நாற்காலிக்கும் குனிந்து நீட்டினாள். நான் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் நடந்து காட்டும்மா, கால் சரியா இருக்கான்னு பாக்கணும்" என்றேன்.

"நாற்காலி பேசக் கூடாதுடி" என்று தட்டாலேயே தலையில் ஒன்று வைத்தாள்.

மறுநாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அம்மாவே, "பொண்ணு எதாவது கேக்கணும்னா கேக்கட்டும்" என்றார். அக்கா உடனே கேட்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்க வீட்டுல ஒரு நாள் வந்து இருந்து பாக்கலாங்களா? எனக்காக யாரும் எதுவும் செய்ய வேணாம். ஓரமா சும்மா இருந்து பாத்துட்டு வந்துடறேன்."

அந்த அம்மா கையிலிருந்த கேசரி வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது. அவர்கள் கிளம்பிப் போனதும் மாமா குதித்தார்.

"வூடு என்ன சினிமா கொட்டாயா, வந்து பாத்துட்டுப் போறதுக்கு?"

"கொட்டாயின்னா புடிக்கலன்னா பாதியில எழுந்து வந்துடலாம் மாமா. வூட்டுலேர்ந்து வர முடியுமா?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன் பிறகு மாப்பிள்ளையும் வரவில்லை.

அவள் கம்பெனியில் பழைய பத்திரங்களை ஸ்கேன் பண்ணிப் பாதுகாத்து வைக்கிறார்கள். வைத்தது வைத்தபடியே இருக்கிறதா, யாராவது ஒரு எழுத்தையாவது மாற்றியிருக்கிறார்களா என்று தெரிய வேண்டுமாம். அதற்கு ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகை எடுப்பார்கள். அக்கா அதை ஹாஷ் என்பாள், எனக்காகக் கைரேகை என்பாள். அவர்கள் வேலை செய்கிற கம்ப்யூட்டர் மொழியில் அந்தப் புதுவகைக் கைரேகை எடுக்கிற வசதி கிடையாதாம். அந்த மொழியிலேயே எழுதினால் ஆமை மாதிரி ஓடுமாம். அதனால் சி என்கிற வேறொரு வேகமான மொழியில் எழுதி, இதற்கு அடியில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். அந்த ஒட்டு வேலை அக்காவுடையது.

மாதக் கணக்கில் அதையே பண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, "இங்க வாடி, மொத ஓட்டம்" என்று கூப்பிட்டாள். கறுப்புத் திரையில் இரண்டு மேற்கோள் குறி. நடுவில் ஒன்றுமே இல்லை. பட்டனைத் தட்டினாள். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஒரு வரி வந்து விழுந்தது.

நான் மிரண்டுவிட்டேன். "ஒண்ணுமே குடுக்கலயேக்கா, இவ்ளோ எங்கேர்ந்து வந்துச்சு?"

"உங்க பேக்கரியில ரொட்டி அச்சுல மாவு கம்மியா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"இன்னும் கொஞ்சம் மாவு எடுத்து நெரப்புவோம்."

"அதேதான். இது அச்சு அச்சாத்தான் வாங்கும். கடைசி அச்சு கொறையா இருந்தா இட்டு நெரப்பிக்கும். மாவே வரலன்னாலும் ஒரு அச்சு முழுக்க இதுவே நெரப்பி, பெசைஞ்சு பெசைஞ்சு வெளிய தள்ளும். ஒண்ணுமில்லாததுக்கும் ஒரு கைரேகை உண்டுடி. உலகத்துல எங்க எடுத்தாலும் அது இதேதான்."

அந்த முறையைக் கண்டுபிடித்தவர்களே எதைக் கொடுத்தால் என்ன வர வேண்டும் என்று விடையை வெளியிட்டிருந்தார்கள். அதையும் இதையும் மேலும் கீழுமாக வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். ஒன்றாக இருந்தது. எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கு என்னவோ அது நல்ல விஷயமாகப் படவில்லை. ஒன்றுமில்லாததைப் போய் யாராவது கைரேகை எடுப்பார்களா என்று இருந்தது.

பொங்கல் முடிந்து சில வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்துவிட்டு ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நான் வூட்டுல இல்ல. கண்ணுல பட்டாலும் இல்ல. என்கிட்ட எதுவும் கேக்காத. வெளக்கு வைக்கிற வரைக்கும்."

"என்னக்கா இது புதுப் பைத்தியம்?"

முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. அவள் முகத்துக்கு முன்னால் போய்ப் பழிப்புக் காட்டினேன். அசையவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. அவள் போனுக்கு வந்திருக்கிற நம்பரைச் சொல்லு என்றார் கொண்டுவந்தவர். போன் அவள் மடியில் இருந்தது. நானாக எடுத்துத் தேடிச் சொன்னேன். பகலில் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் மட்டும். ஸ்டூல் போட்டு ஏறி, ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, எது எது என்று தெரியாமல் பயந்து பயந்து கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்த ஒரு சுவிட்சை மேலே தள்ளினேன். ஃபேன் சுற்றியது. திரும்பிப் பார்த்தேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோறு போட்டு அவளுக்கும் ஒரு தட்டு வைத்தேன். தொடவில்லை. எதிரில் உட்கார்ந்து நான் மட்டும் சாப்பிட்டேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. "போதும்க்கா, நல்லா இல்ல. ஒரு வார்த்தை பேசு" என்றேன். பேசவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

விளக்கு வைத்தபிறகு எழுந்து வந்து, ஆறின சோற்றைத் தட்டோடு எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எரர் எதுவும் வரல. நல்லா ஓடுது."

"எது? வூடா?"

"நீதான்."

கையிலிருந்த கரண்டியை அவள் மேலேயே எறிந்தேன். தோளில் பட்டது. சிரித்தாள். சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அப்புறம் ஒரு நாள் அவள் பேக்கரிக்கே வந்து நின்றாள். வெயில் ஏறின நேரம், கடையில் கூட்டம். கல்லாவுக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை. யார் செத்தது என்று கேட்கத்தான் வாய் வந்தது. முதலாளி அவளைப் பார்த்துப் பயந்து, ஸ்டூல் போட்டு, தண்ணீரும் ஒரு பன்னும் கொடுத்து, "போய்ப் பேசு பாப்பா, நான் கடையைப் பாத்துக்கறேன்" என்றார்.

"ஒரே ஃபைலுக்கு ரெண்டு கைரேகை வருதுடி" என்றாள்.

அவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. அவளுக்கு அவ்வளவுதான் இல்லை. வேலை முடிந்து, எல்லாச் சோதனையும் தேறி, கம்பெனிக்குக் கொடுத்தாகிவிட்டது. பெரிய ஃபைலை ஒரே வாயில் கொடுக்க மாட்டார்களாம், துண்டு துண்டாகக் கொடுப்பார்களாம். முழுசாகக் கொடுத்தால் சரியாக வருவது, துண்டாகக் கொடுத்தால் சில சமயம் தப்பாக வந்திருக்கிறது. காலையிலிருந்து தேடி அப்போதுதான் கண்டுபிடித்திருந்தாள்.

"கடைசி அச்சுக்கு மட்டும் 'இதோட முடிஞ்சுது'ன்னு ஒரு அடையாளம் வைக்கணும். அச்சு சரியா நெரம்பி நிக்கிற நேரம் பாத்து, 'இந்தா அடுத்தது'ன்னு யாரோ வெறுங்கையை நீட்டறான்னு வையி. நான் எழுதினது அதை நம்பிடுது. இன்னும் மாவு வருதுன்னு நெனச்சு, அடையாளம் வைக்காம அந்த அச்சை அடுப்புல தள்ளிடுது. அப்புறம் ஒண்ணும் வராது. அதுதான் கடைசின்னு அதுக்குத் தெரியவே தெரியாது."

"இப்ப சரி பண்ண முடியாதா?"

"ஒரு வரிதான். பண்ணிட்டேன்." என் கையைப் பிடித்தாள். மாவு ஒட்டின கை. "ஆரம்பத்துலேர்ந்தே ஒண்ணுமில்லன்னா என்ன ஆகும்னு பாத்தேன்டி. அதைத்தான் மொதல்லயே பாத்தேன். நடுவுல ஒண்ணுமில்லாம போனா என்ன ஆகும்னு பாக்கவே இல்ல."

அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை விடவில்லை. உள்ளே ரொட்டி கருகுகிற வாசனை வந்ததும் நான்தான் உருவிக்கொண்டு ஓடினேன்.

அவள் போன நாள் எனக்கு லீவு. மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன், அவள் பின்னால் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டு டெம்போவில் பார்த்த ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைக்காரர், கையில் நம்ம ஊர் நீள ரொட்டி, அது பக்கத்தில் உட்கார்ந்த மீன்காரம்மாவின் மூக்கை இடிக்கிறது. மீன்காரம்மா மாதிரியே குரலை மாற்றிப் பேசிக் காட்டினாள். நான் சிரித்துச் சிரித்துத் தட்டை நழுவவிட்டேன்.

"அந்தம்மா ரொட்டியை அப்டியே புடிச்சிக்கிட்டு அந்த ஆள்கிட்ட என்ன கேட்டுச்சு தெரியுமா" என்றாள்.

"என்ன கேட்டுச்சு?"

சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

"சிரிச்சிட்டு சொல்லேன்க்கா. என்ன கேட்டுச்சு?"

இன்னொரு தட்டைக் கூடக் கழுவிக் கவிழ்த்தேன். அதற்கப்புறம்தான் திரும்பினேன்.

ஆஸ்பத்திரியில் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஒரு நர்ஸ் வந்து அக்கா பெயரைக் கேட்டார், சொன்னேன். கம்ப்யூட்டரில் பார்த்தார்.

"இவங்க நம்ம பேஷன்ட்தானம்மா. ஹார்ட் ஓபி-க்கு வந்துட்டிருந்தவங்கதான?"

"இல்லங்க. வேற யாராவது இருக்கும்."

"இல்லம்மா, இவங்கதான். பொங்கலுக்கு ரொம்ப முன்னாடிலேர்ந்து வர்றாங்க." என் முகத்தைப் பார்த்தார். "வீட்டுல சொல்லலயா?"

அவள் கால்சியம் மாத்திரை என்று விழுங்கிக்கொண்டிருந்தது எது என்று அப்போது தெரிந்தது. இருதயத் தசை பலவீனம், எந்த நேரமும் நின்றுபோகலாம் என்று அவளிடம் முதலிலேயே சொல்லியிருந்தார்களாம். அவள் தனியாக வந்து, தனியாகக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வரும்போது எனக்கு மல்லிப்பூ வாங்கி வந்திருக்கிறாள்.

பொங்கலுக்கு முன்னாடி. அந்த ஞாயிற்றுக்கிழமை பொங்கலுக்கு அப்புறம்.

அந்தப் பெஞ்சில் எனக்கு அழுகை வரவில்லை. காது அடைத்துக்கொண்டது. இப்போதும் அதை நினைத்தால் அடைத்துக்கொள்கிறது. என்னை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். மிக்ஸியை ஓட்டிப் பார்த்த மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் ஸ்டூலில் ஏறிப் பயந்து நடுங்கினதைத் தெருவைப் பார்க்கிற மாதிரி பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் காலமெல்லாம் நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வேலைக்கே போயிருக்க மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ. பாவி.

அவளுக்கும் ஒன்று தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எனக்குத் தெரியும், இன்றைக்கு அக்கா இல்லை என்று. விளக்கு வைத்தால் வந்துவிடுவாள் என்றும் தெரியும். அப்படி என்றால் யாரும் இருந்துவிடலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே, பாதி வாக்கியத்தில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒருத்தி இல்லாமல் போய்விட்டால் அப்புறம் எப்படி இருப்பது? அந்தத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது நான் இன்னும் கதை வருகிறது என்றுதானே நினைத்தேன். பேக்கரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வெளுத்துப்போனது கம்பெனி வேலைக்காகவா, எனக்காகவா? கேட்க ஆள் இல்லை.

காரியத்துக்கு அவளுடைய கம்பெனிக்காரர் ஒருத்தர் வந்திருந்தார். நல்ல மனுஷர். என்ன சொல்வது என்று தெரியாமல், "அவங்க எழுதினது ரொம்ப நல்லா ஓடிட்டிருக்கும்மா. ஒரு பிரச்சனையும் இல்ல" என்றார்.

"ஓடட்டும் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

இப்படியே நினைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் வெயில் சாய்ந்துவிட்டது. தெருமுனையில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. மாமா உள்ளே வந்தார். காலிப் பையைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு வர இஷ்டமில்ல, தெரியுது. ஒண்ணு பண்ணு. ஒரு மாசம் வந்து இருந்து பாரு. புடிச்சா இரு, புடிக்கலன்னா நானே கொண்டாந்து இங்க வுட்டுடறேன். வாடகையைக் கூட நான் குடுத்து வெக்கிறேன். சும்மா இருந்து பாரு பாப்பா."

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அக்காவே பேசுகிற மாதிரி இருந்தது.

"வேணாம் மாமா."

"இருந்துதான் பாரேன். என்ன நட்டம்?"

"இருந்து பாக்கறதெல்லாம் வேணாம் மாமா. நான் இங்கயே இருக்கேன்."

"ஒரு மாசத்துக்கா?"

"இல்ல. இருக்கேன்."

மாமா என்னையே பார்த்தார். "பயமா இல்லயா?"

"இருக்கு."

"அப்புறம்?"

"பயந்துகிட்டே இருக்கேன் மாமா."

வண்டிக்காரர் இன்னொரு தடவை ஹாரன் அடித்தார். மாமா எழுந்தார். என் தலையில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். செருப்பைப் போட்டுக்கொண்டே, "கதவை நல்லாத் தாப்பாப் போட்டுக்க. நாளைக்குப் போன் பண்றேன், எடு" என்றார்.

"எடுக்கறேன் மாமா."

தெருமுனை வரைக்கும் கூடப் போனேன். வண்டி கோரிமேட்டுப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் நின்றேன். பக்கத்துப் போர்ஷன் ஆன்ட்டி வாசலில் நின்று, "வாம்மா, நம்ம வூட்டுல செத்த நேரம் உக்காந்துட்டுப் போ" என்றார். "அப்புறம் வரேன் ஆன்ட்டி" என்றேன்.

எங்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போக வேண்டும். போனேன்.